பத்தாம் நம்பர் கறுப்புக் கண்ணாடி

போன வாரம் ஃபேக்டரிச் சங்கு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “நீங்கள் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் என்று கேள்விப்பட்டேன். அதைப்பற்றி எழுதுங்கள், மனதுக்கு இதமாக இருக்கும்” என்கிறார்.

இதமாக இருக்காது. எழுதுகிறேன்.

மழை விட்ட ஒரு காலை. நான் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேல் லயத்து ஞானம்மா அக்கா கொழுந்துப் பையைத் தோளில் போட்டபடி இறங்கி வந்தார். கையில் ஒரு தாள். அதை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“இதுல நான் எங்கலே இருக்கேன்?”

வாயில் நுரை.  தாளை வாங்கிப் பார்த்தேன். மலையாளத்தில் டைப் அடித்த நோட்டீஸ். அதன் பின்னால் ஒரு படத்தின் நகல் பின் அடித்திருந்தது. அவருடைய லயத்துப் பாதை. ஆறு வீடு, ஒரே கூரை, வரிசையாகப் படிகள். பாதையில் ஆள் இல்லை. வாசலில் ஆள் இல்லை. கோழிகூட இல்லை.

படத்தின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. என் பெயர். இசக்கி.

“என்னய எடுக்காதன்னுதான சொன்னேன்” என்றார். “நான் அங்கன குடியே இல்லன்னு காட்டச் சொன்னேனாலே?”

தாளைப் பிடுங்கிக்கொண்டு மலை ஏறிப் போய்விட்டார்.  எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. எவனோ என் படத்தைத் திருடிக் கொடுத்திருக்கிறான் என்ற கோபம்தான் வந்தது.

வீடு யாருக்கு

எங்கள் தேயிலை எஸ்டேட் இடுக்கியில், சித்திரபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். பெயர் எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும்.

லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு. வேலை இருக்கும்வரை வீடு. வீட்டில் ஆள் இல்லாமல் பல மாதம் கிடந்தால் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம். ஞானம்மா அக்காவின் வரிசையில் நான்கு வீடுகள் உண்மையிலேயே பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போனபின் பெரியவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். ஐந்தாவதில் ஜார்கண்டிலிருந்து வந்த குடும்பம். கம்பெனிக்கு அவர்களைத் தூக்கி இன்னொரு லயத்தில் போடுவது ஒரு மணி நேர வேலை. மீதி ஒன்று, பாதையிலிருந்து பார்த்தால் மூன்றாவது கதவு, அக்காவுடையது.

புருஷன் இல்லை. மகன் வெளியூரில். இவர் தனியாள். வேறு ஊரில் வீடோ நிலமோ கிடையாது. அந்த ஒரு அறையும் அடுப்படியும்தான்.

நோட்டீஸில் என்ன சொல்லியிருந்தது என்றால், இந்தப் பெண் வேலைக்கு வருகிறார், ஆனால் லயத்தில் ஆள்தாமசம், அதாவது குடியிருப்பு, இல்லை, கீழ் டிவிஷனில் தங்கை வீட்டில்தான் இருக்கிறார் என்று. தங்கைக்கு ஆபரேஷன் நடந்தபோது ஒரு மாதம் போய் இருந்தார், உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டார்கள். வீடு கைவிடப்பட்டதற்கு அடையாளமாக இரண்டு காரணம் எழுதியிருந்தார்கள். ஒன்று, என் படம். இரண்டு, வாசற்படியின் இரும்புக் கைப்பிடி ஒடிந்து, பழுதுபார்க்க ஆளில்லாமல் கிடக்கிறது என்பது.

இரண்டு வாரத்தில் லேபர் ஆபீசர் நேரில் வந்து விசாரிப்பார் என்றும் போட்டிருந்தது.

அந்தக் கைப்பிடியைப் பற்றிப் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

பிளாஸ்டிக் தேயிலை

நான் ஃபேக்டரி ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். கேமரா வாங்கியது ஒரு ஜீப் டிரைவரிடம். டூரிஸ்ட் யாரோ விட்டுப்போனது என்றான். எனக்கு அதுவும் சந்தேகம்தான். ஆனாலும் வாங்கினேன்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. யூடியூபில் எவனெவனோ சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். ஒரே காட்சியை மூன்று வெளிச்சத்தில் எடுத்து ஒட்டும் வித்தையில் ஆறு மாதம் போனது. வானம் ஊதாவாகவும் தேயிலை பிளாஸ்டிக்காகவும் வந்தது. என் மச்சான் பார்த்துவிட்டு, “சாமி காலண்டர்ல பின்னாடி போடுவானே, அதுவா மாப்ள?” என்று கேட்டான். விட்டுவிட்டேன்.

பிறகு படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, பூ மட்டும் சிவப்பு. பிறகு லென்ஸ் கண்ணாடியில் வாஸ்லின் களிம்பு தடவி எடுப்பது. என் தங்கச்சி மகளை அப்படி எடுத்தேன். பீளை கட்டிய கண்ணோடு பார்த்தமாதிரி இருந்தாள். பிறகு ஓடும் ஜீப்பைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பி எடுப்பது. இருநூறு தடவை எடுத்ததில் ஒரு தடவை ஜீப் தெளிவாக விழுந்தது. ஓட்டியவன் தலை வெட்டுப்பட்டிருந்தது.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லை. கேமராவைப் பொருட்களின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தவரை கெடுதல் இல்லை.

கேமராவைக் கண்டால்

மலையில் ஆட்களைப் படம் எடுப்பது லேசு இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சூப்பர்வைசர், செல்போனில் கேமரா வந்த புதிது, செடிக்கு நடுவே உட்கார்ந்து இளைப்பாறும் பெண்களைத் தூரத்திலிருந்து எடுத்து ஆபீஸில் காட்டினான். இரண்டு பேருக்கு அரைநாள் கூலி போனது. அதன்பின் எவன் போனைத் தூக்கினாலும் முக்காட்டை இழுத்துக்கொள்வார்கள்.

டூரிஸ்டுகள் வேறு. கூடையைக் கொடு, நான் மாட்டிக்கொள்கிறேன், நீ தள்ளி நில் என்பார்கள். ஒரு ரிசார்ட்டின் விளம்பரப் பலகையில் எங்கள் ஆள் ஒருத்தி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளைக் கேட்டு எடுக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பலகையைத் தாண்டும்போது பஸ்ஸில் அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள்.

நானே எடுக்கப்போனபோதும் அதேதான். “யாருக்குக் குடுக்கப் போற?” என்பதுதான் முதல் கேள்வி. எனக்குக் கோபம் வரும். இருந்தாலும் அவர்கள் கேட்டதில் தப்பு இல்லை.

அதனால்தான் இந்தக் கறுப்புக் கண்ணாடி வித்தை எனக்குப் பிடித்துப்போனது.

ஆள் விழாத படம்

விஷயம் இதுதான். கேமராவின் கண் பகலில் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குதான் திறக்கும். அதன்மேல் மிகக் கறுப்பான கண்ணாடி ஒன்றை மாட்டினால் இரண்டு நிமிடம் திறந்து வைக்கலாம். அந்த இரண்டு நிமிடத்தில் நடந்துபோகிறவன் எந்த இடத்திலும் நிலையாக இல்லாததால் படத்தில் பதியமாட்டான். சுவர் பதியும், கல் பதியும், மரம் பதியும். ஓடுகிற தண்ணீர் பஞ்சாகிவிடும். ஆள் காணாமல் போய்விடுவான்.

அந்தக் கண்ணாடி விலை அதிகம். நான் வெல்டர். முகமூடியில் போடும் பத்தாம் நம்பர் கண்ணாடி ஒர்க்‌ஷாப்பில் என் மேஜை மேலேயே கிடக்கிறது. சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி, லென்ஸ் முன்னால் வைத்துக் கட்டினேன். படம் முழுக்கப் பாசிப் பச்சையாக வந்தது. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சரியாகிவிட்டது.

எனக்கு அப்போது பெருமை. யார் முகமும் விழாது. யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. சந்தை, பஸ் ஸ்டாண்ட், சர்ச் வாசல் என்று எல்லா இடத்தையும் காலியாக எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சு, அதான் மூடுபனி, லேசாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா சர்ச்சுக்குப் போய்வந்து படியில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஈரக் கல்லும் புகையும் கலந்த வாசனை. ஸ்டாண்டை நிறுத்தினேன்.

“என்னய எடுக்காதலே” என்றார், நிமிராமல்.

“நீங்க விழமாட்டிய அக்கா. அசஞ்சுக்கிட்டே இருங்க, போதும்.”

“அரிசியப் பொடைக்கவன் அசையாமயா பொடைப்பான்? சும்மா நிக்கியே, இந்தக் கம்பிய என்னைக்குப் பத்தவச்சுத் தரப்போற? மூணு தரம் சொல்லியாச்சு. மழைக்கு வழுக்குது.”

“தாரேன், தாரேன்” என்றேன்.

இரண்டு நிமிடம் திறந்து வைத்து எடுத்தேன். இதுதான் அந்தப் படம்.

கல்பாத்திக்கு

நோட்டீஸ் வந்ததும் நான் சந்தேகப்பட்ட ஆட்களின் வரிசை பெரியது. ஜீப் டிரைவர். ஃபீல்டு ஆபீஸ் கிளார்க். டீக்கடையில் என் போனை வாங்கிப் பார்த்தவன். ஆனால் கடைசியில் ஒரே ஆளில் வந்து நின்றது. பாலக்காட்டு மணி சார்.

எங்களுக்கு ஒரு கேமரா குழு உண்டு. போனில்தான். பாலக்காடு, இடுக்கி பக்கத்து ஆட்கள் முப்பது பேர். அதை நடத்துகிறவர் மணி சார். கல்பாத்தியில் தேர் ஓடும் தெருவில் வீடு. ரிட்டயர் ஆனவர். இந்தப் படத்தின் பச்சையை எடுக்கத் தெரியாமல் பெரிய ஃபைலை அவருக்குத்தான் அனுப்பியிருந்தேன். அவர் சரிசெய்து திருப்பி அனுப்பினார். முழுப் படம் என்னையும் அவரையும் தவிர யாரிடமும் இல்லை.

போதாதா? அவருடைய மருமகன் ரிசார்ட் தொழிலில் இருப்பதாக ஒரு தடவை சொல்லியிருந்தார். லயத்தைக் காலிசெய்து ரிசார்ட்டுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று மலையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் பொருந்தியது.

போனில் கேட்டால் பொய் சொல்ல நேரம் கிடைக்கும். அதனால் சொல்லாமல் போனேன். மறையூர் வழியாக உடுமலை, பொள்ளாச்சி, அப்புறம் பாலக்காடு. பகல் முழுக்க பஸ். காந்தலூர் பக்கம் பூண்டு மணம் ஏறியது. உடுமலையில் வெயில் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர், “ஏனுங்க, உடம்புக்குச் சொகமில்லீங்களா?” என்று கேட்கிற அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

மணி சார் கதவைத் திறந்ததும் சிரித்தார்.

“வாங்கோ எசக்கி. இத்ரயும் தூரம் எதுக்கு வந்தேள்? போன்ல சொல்லப்படாதோ?”

நான் உட்காரவில்லை. ஆபீஸ் போர்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். காட்டினேன். “இந்தப் படத்தை யாருக்குக் கொடுத்தீங்க?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். எனக்கு அந்த நிதானமும் சந்தேகமாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, தன்னிடமிருந்த ஃபைலைத் திறந்தார்.

“மூலையில உங்க பேர் இருக்கா பாருங்கோ.”

இல்லை.

“நோட்டீஸ்ல இருக்கு, கேட்டேளா. நான் உங்களுக்குப் பேர் போட்டுத் தரல்லை. அது நீங்க போடறது. குழுவோட பக்கத்துல ஏத்தறச்சே மாத்ரம்தான் போடுவேள். அங்கேருந்து யார் வேணும்னாலும் எடுக்கலாம்.”

குழுவின் பக்கத்தைத் திறந்து காட்டினார். யாரும் பார்க்கலாம் என்று நானே வைத்திருக்கிறேன். என் படம், என் பெயர். மேலே நானே மலையாளத்தில் எழுதிய தலைப்பு: ‘ஆளொழிந்த லயம்.’ ஆட்கள் விட்டுப்போன லயம் என்று அர்த்தம். எழுதும்போது அழகாக இருந்தது. கம்பெனிக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. வாக்குமூலத்தை நானே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கையெழுத்தை நோட்டீஸ் வந்த அன்றே என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் பிறத்தியாரைத்தான் தேடினேன்.

“உக்காருங்கோ” என்றார் மணி சார். “மருமகனைப் பத்தி சந்தேகப்பட்டேளா?”

“ஆமா.”

“அவன் ரிசார்ட்ல பில் அடிக்கறான். அவ்ளோதான்.”

மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. கேட்டிருக்கமாட்டேன். மோர் கொடுத்தார், குடித்தேன். அவர் படத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனார்.

“இது என்னது, மூணாவது வாசல்ல? புகையா?”

படியில் வெள்ளையாக ஒரு மங்கல். சின்னதாகப் பார்த்தால் அடுப்புப் புகை மாதிரி. இன்னும் பெரிதாக்கினார். மங்கலுக்குக் கீழே, கல்லின்மேல், இரண்டு பாதங்கள். தெளிவாக, நகம் எண்ணும் அளவுக்கு. ஒரு காலில் கறுப்பு வார் செருப்பு, மற்றதில் வெள்ளை வார் செருப்பு.

அரிசி புடைத்தபோது அவருடைய உடம்பு முழுக்க ஆடியிருக்கிறது. பாதம் மட்டும் அசையவில்லை.

அந்த வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பாதத்துக்குப் பக்கத்தில், ஒடிந்து தொங்கும் கைப்பிடி. துரு செதில் செதிலாக. அதைத்தான் நான் நடுவில் வைத்து எடுத்திருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். மூன்று தரம் கேட்டும் நான் பற்றவைக்காததற்கு நேரம் இல்லாதது காரணம் இல்லை. அந்தத் துரு படத்தில் நன்றாக விழும் என்று விட்டுவைத்தேன். வெல்டர் நான். அரைமணி நேர வேலை.

யாரும் பேசவில்லை

மணி சார் பாதத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். திரும்பிவந்து அக்காவிடம் காட்டினேன். படி முழுக்க ஈரம். அவர் உள்ளேயே நின்றார்.

“என் செருப்பயாலே ஊருக்கெல்லாம் காட்டப்போற? அதுவும் மாத்துச் செருப்ப?”

“இதுதான் அக்கா சாட்சி.”

“நீ குடுத்த சாட்சியிலதான இங்க வந்து நிக்கேன். யாருக்கிட்ட காசு வாங்குன?”

“யாருகிட்டயும் வாங்கல.”

“வாங்காமயா செஞ்ச? அப்ப இன்னும் மோசம்லா.”

கதவைச் சாத்திவிட்டார். அடுத்த பத்து நாள் மலையில் ஒருத்தரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டீக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு மழைக்கு மாறும். குழுவின் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, எத்தனை போனில் கிடக்கிறதோ.

ஆபீசர் காணாமல் போனது

விசாரணை நாளன்று லேபர் ஆபீசர் வந்தார். குடையோடு ஒரு நடுத்தர வயது மலையாளி அம்மா. கூட எங்கள் அசிஸ்டென்ட் மானேஜர், ஆட்கள் ‘சின்ன தொரை’ என்று கூப்பிடுகிறவர். பூட்ஸ், தொப்பி, கையில் எப்போதும் போன். தினமும் காலையில் ஞானம்மா என்று பெயர் கூப்பிட்டுக் கொழுந்தெடுக்க அனுப்புகிற ஆள் இவர்தான். அந்த வீட்டில் அப்படி ஒரு ஆள் இல்லை என்று கோப்பில் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான்.

அக்கா படியில் நின்றார். அதே மாற்றுச் செருப்பு. நான் பாதப் படத்தை நீட்டினேன். ஆபீசர் படத்தையும் காலையும் மாறிமாறிப் பார்த்தார்.

சின்ன தொரை சிரித்தார். “மேடம், செருப்பு எங்க வேணாலும் கிடக்கும். ஆள் இல்லாத வீட்டு வாசல்லயும் கிடக்கும்.”

“செருப்புக்குள்ள காலு இருக்கு சார்” என்றேன்.

“கம்ப்யூட்டர்ல கால் வரைய எவ்ளோ நேரம் ஆகும்? நீதானே படத்துக்குப் பேர் வச்சே, ஆளொழிந்த லயம்னு?”

 கேமரா ஸ்டாண்டை நிறுத்தினேன். கறுப்புக் கண்ணாடியைக் கட்டினேன். “மேடம், ரெண்டு நிமிஷம் இந்தப் பாதையில மேலயும் கீழயும் நடங்க. நிக்காதீங்க.”

“எந்தினா?”

“நடங்க மேடம். அப்புறம் சொல்றேன்.”

என்ன நினைத்தாரோ, நடந்தார். குடையோடு கடைசி வீடுவரை போய்த் திரும்பி வந்தார். திரும்பவும் போனார். சின்ன தொரை நடக்கவில்லை. ஒரே இடத்தில் நின்று போனில் பேசிக்கொண்டு, கையை ஆட்டி, தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். நல்லதாகப் போனது.

இரண்டு நிமிடம். கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பச்சையாக ஒரு பாதை. ஆறு வீடு. மஞ்சு.

“ஞான் இதில் இல்லல்லோ” என்றார் ஆபீசர். திரும்பவும் பார்த்தார். “குடையும் இல்லா.”

“சாரைப் பாருங்க.”

பெரிதாக்கினேன். சின்ன தொரை நின்ற இடத்தில் மேலே ஒரு புகை. கீழே இரண்டு பூட்ஸ். கயிறு கட்டியிருக்கிற முடிச்சுவரை தெளிவு.

ஜார்கண்ட் வீட்டுப் பெண் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற கூட்டத்தில் ஒருத்தி, “தொரையும் குடியில்ல போலுக்கே” என்றாள். சின்ன தொரை போனைப் பையில் வைத்தார்.

ஆபீசர் தன் பையிலிருந்து போனை எடுத்தார். “சரி. அம்மா, அங்ஙன நில்லுங்க. நான் சாதாரணமா ஒரு படம் எடுத்து ஃபைல்ல வைக்கறேன்.”

நல்ல எண்ணம்தான். ஆனால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“படம் வேண்டாம்” என்றார்.

“அதல்லே தெளிவு, சாட்சி?”

“படத்தப் பாத்துத்தான நான் இல்லன்னு எழுதுனிய. இப்ப நேர்ல நிக்கேன். என்னயப் பாத்து எழுதுங்க. அடுப்புல கை வச்சுப் பாருங்க, சுடும். கட்டிலுக்கு அடியில பாருங்க, எம் பெட்டி கெடக்கு. பாத்துட்டு எழுதுங்க. நாளைக்கு இன்னொருத்தன் வேற படம் கொண்டாருவான், அப்ப என்ன செய்யிறது?”

 ஆபீசர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். படியில் கால் வழுக்கியது. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் கையை நீட்டினார், அது காற்றில் போனது. அக்காதான் முழங்கையைப் பிடித்து ஏற்றினார்.

உள்ளே என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து, நின்றபடியே, கோப்பில் தன் கையால் எழுதினார். ஆள்தாமசம் உண்டு. கீழே கையெழுத்து. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பூட்டு

வீடு நின்றது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம்.

அடுத்த வாரம் பூட்டிக் கிடந்த நான்கு வீட்டிலும் பழைய பூட்டை அறுத்துவிட்டு, ஒரே மாதிரி நான்கு புதுப் பூட்டு போட்டார்கள். ஒரு நாள் இரண்டு பேர் அளவு நாடா பிடித்து முற்றத்தை அளந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். கக்கூஸ் கட்டப்போகிறோம் என்றார்கள். இங்கே யாரும் அதை நம்பவில்லை. சின்ன தொரை என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் குட்மார்னிங் சொல்கிறார். அதையும் நான் நம்பவில்லை.

கேமராவை வீட்டில் ஒரு துணிப்பையில் வைத்தேன். விற்கவில்லை. சத்தியம் செய்துவிட்டேன் என்றெல்லாம் பொய் சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் கையில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு, ஒர்க்‌ஷாப்பில் கேட்டுச் சின்ன வெல்டிங் மெஷினை வாங்கிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினேன். கூடவே அரை இஞ்ச் குழாய் ஒன்றும். அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“பையத் தொற.”

திறந்து காட்டினேன். ராடு, சுத்தியல், கம்பி பிரஷ், கையுறை. அடியில் முகமூடி.

“அந்தக் கண்ணாடி?”

“முகமூடில இருக்கு.”

“எடு.”

கழற்றிக் கொடுத்தேன். வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

“இருட்டால்லா இருக்கு. ஒண்ணும் தெரியல.”

“வெல்டிங் வெளிச்சம் வந்தாத்தான் தெரியும் அக்கா.”

நம்பாமலேதான் திருப்பிக் கொடுத்தார். மின்சாரத்துக்குத் தன் வீட்டுப் பிளக்கைத் தந்தார். துருவைச் சுரண்டினேன். செதில் செதிலாக விழுந்தது. குழாயை அளந்து வெட்டினேன். பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. கேட்கத் தயங்கினேன். அவரே எழுந்து வந்தார். என் கையுறையில் ஒன்றை மாட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தார்.

“முகத்த அங்கிட்டுத் திருப்பிக்கோங்க. பாத்தியன்னா கண்ணு போயிரும். அசையக் கூடாது.”

“ஒன் வேலையப் பாரு.”

மூன்று இடத்தில் பற்று வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் இருக்கும். பொறி அவருடைய சேலை ஓரத்தில் விழுந்து அணைந்தது. முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, இரும்பைப் பிடித்த பிடியில், தலையிலிருந்து கால்வரை ஒரு இம்மிகூட ஆடாமல் நின்றார். இரண்டு நிமிடம் திறந்து வைத்திருந்தாலும் முழுசாக விழுந்திருப்பார். கேமரா கையில் இல்லை.

ஆறட்டும் என்றேன். ஆறும்வரை பொறுக்காமல் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கை சுட்டிருக்கும். 

“பெயிண்ட் எப்ப அடிப்ப?” என்றார். “மழைக்கு மறுபடி துரு பிடிச்சுச்சுன்னா அதையும் வந்து எடுத்துக்கிட்டு நிப்ப.”

அடுத்த ஞாயிறு பெயிண்ட் அடித்தேன். அன்றைக்கும் பையைத் திறந்து காட்டச் சொன்னார்.